நாற்பதுக்கு ஒரு முழம் குறைவு

கப்பலில் போகிற பெட்டிகள் எல்லாமே எட்டடி அகலம்தான். எந்தத் தேசத்துப் பெட்டியானாலும், மிளகாய் வற்றல் ஏற்றினாலும் தீப்பெட்டி ஏற்றினாலும், மீனுக்காகக் குளிரூட்டியதானாலும், கூரையில்லாமல் தார்ப்பாய் போர்த்தியதானாலும், அகலம் மாறாது. நீளத்தில் மட்டும் இருபது, நாற்பது, எப்போதாவது நாற்பத்தைந்து என்று தூத்துக்குடித் துறைமுகம் அறிந்த சாதிகள் மூன்று. இடைப்பட்ட நீளத்தில் ஒரு பெட்டி இருந்தால் அதற்கு ஏறக் கப்பல் கிடையாது, தாங்க லாரி கிடையாது, தூக்க இயந்திரமும் கிடையாது. அப்படியிருக்க, உப்பளங்கள் முடிந்து துறைமுகச் சாலை தொடங்குகிற இடத்தில் இருந்த காலிப்பெட்டிக் கிடங்கில், ஒரு பங்குனி மாதத்துக் காலையில், துருச்சிவப்பு நிறத்து இருபதடிப் பெட்டி ஒன்று வளர ஆரம்பித்தது.

முதலில் அறிந்தவள் சுயம்புக்கனி. அந்தக் கிடங்கில் அவள் வேலை இருட்டுக்குள் நிற்பது. திரும்பி வருகிற ஒவ்வொரு காலிப் பெட்டிக்குள்ளும் அவள் போவாள், வெளியே இருப்பவர் கதவைச் சாத்தி நெம்புகோலை இறக்குவார், அவள் கும்மிருட்டில் நின்று கூரையையும் சுவரையும் சுற்றிப் பார்ப்பாள், எங்காவது ஊசிமுனையளவு வெளிச்சம் வந்தால் அங்கே ஓட்டை, மழைத்தண்ணீர் அதன் வழியாக உள்ளே வரும், அங்கே சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவாள். பெட்டிக்கு உட்பக்கம் கைப்பிடி கிடையாது. வேலை முடிந்ததும் இரண்டு தட்டு தட்டுவாள், வெளியே இருப்பவர் திறப்பார். தட்டாமல் திறக்கக் கூடாது, தட்டிய பிறகு தாமதிக்கக் கூடாது. கிடங்கில் எழுதி வைக்காத சட்டம் இது ஒன்றுதான். கணவன் ஜெயக்கொடி உப்பு லாரி ஓட்டியவன், காய்ச்சலில் படுத்து எழாமல் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்குள்ளும் ஒரே நிசப்தம்தான் என்பதால் அவளுக்கு இந்த வேலை கஷ்டமாகத் தெரியவில்லை.

அன்று அவள் இருட்டில் கையை நீட்டிக்கொண்டு நடந்தபோது கடைசிச் சுவர் வர வேண்டிய இடத்தில் வரவில்லை. இன்னும் ஓர் எட்டு வைத்தாள். அப்போது வந்தது. வெளியே வந்து, "சார், இந்தப் பெட்டி நீண்டிருக்கு" என்று மேனேஜர் கிளாட்சனிடம் சொன்னாள். கிளாட்சன் தஸ்புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டு வந்து அளந்தார்.

"டேப்பு சரியில்ல. வேற டேப்பு கொண்டாங்க."

"இது புது டேப்பு சார்."

"புது டேப்பத்தான் நம்பக் கூடாது."

பழைய டேப்பும் அதையே சொன்னது. பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற இயந்திரத்தை ஓட்டும் மச்சாது, மேலே தன் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, "வெயிலு சார். இரும்பு விரியும்லா" என்றார்.

"ஒரு சாண் விரியுமாய்யா?"

"தூத்துக்குடி வெயிலுக்கு விரியும்."

அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. உப்பையே விளைய வைக்கிற வெயில் இரும்பை விளைய வைக்காதா என்று தண்ணீர் லாரி வரவழைத்து, காலையும் மாலையும் பெட்டியின் மேல் உப்புத் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தார்கள். பெட்டி குளிர்ந்தது. சுருங்கவில்லை. மச்சாது தன் இயந்திரத்தின் நீண்ட கையை அதன் மேல் இறக்கிப் பார்த்தார். நாலு மூலைத் துளைகளில் விழ வேண்டிய நாலு கொக்கிகளில் இரண்டு விழுந்தன, இரண்டு வெறும் தகரத்தில் முட்டிக்கொண்டு நின்றன. ஆகவே பெட்டி மதில்சுவர் ஓரமாகக் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதன் தலையில் வேறு பெட்டி வைக்க முடியாது, அதையும் வேறு பெட்டியின் தலையில் வைக்க முடியாது. மற்ற பெட்டிகள் அஞ்சடுக்கு ஆறடுக்காக ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்க, அது மட்டும் தரையில் தனியாக, தலைக்கு மேல் ஆகாயத்தோடு இருந்தது.

"சென்னை ஆபீஸ்லருந்து கேக்கான், டைப் என்னன்னு" என்று கிளாட்சன் புலம்பினார். "இருபதுங்கேன், இல்லங்கான். நாப்பதுங்கேன், இல்லங்கான். நான் என்னத்தச் சொல்ல?"

"வளருதுன்னு சொல்லுங்க சார்" என்றாள் சுயம்புக்கனி.

"அதுக்கு கம்ப்யூட்டர்ல எடம் இல்லக்கா."

எதனால் வளருகிறது என்பது சேர்மத்துரையால் தெரிந்தது. சேர்மத்துரை ட்ரெய்லர் ஓட்டுகிறவர், பேச ஆரம்பித்தால் கிடங்கே சிரிக்கும். ஒரு மத்தியானம் நிழலுக்காக அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தவர், "கனியக்கா, கதவச் சாத்துங்க, இருட்டுல எப்படித்தான் நிக்கியன்னு பாக்கேன்" என்றார். அவள் சாத்தினாள். விளையாட்டுதானே, உடனே தட்டுவார் என்று நின்றாள். அவர் வெகுநேரம் தட்டவில்லை. கடைசியில் தட்டி, அவள் திறந்தபோது, கண் சிவந்து, மீசை நனைந்து, தண்ணீர் கேட்டார். மகள் தன்னிடம் சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை; அன்றும் சொல்லவில்லை; பெட்டியிடம் சொல்லியிருந்தார் என்பதைப் பிறகு எல்லாரும் ஊகித்தார்கள். பெட்டியின் பின்சுவர் நாலு விரற்கடை தள்ளிப் போயிருந்தது. அப்படியானால் முதல் சாண் யாருடையது, எந்தத் தேசத்துத் துறைமுகத்தில் எவர் அதற்குள் நின்று எந்தப் பாஷையில் சொன்னது இங்கே வந்து விளைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப் போகிறது.

அதன் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கிடங்கின் ஆட்கள் முதலில், பிறகு சுங்க அலுவலகக் குமாஸ்தாக்கள், கப்பலில் பெட்டிகளைக் கட்டுகிறவர்கள், முழங்கால் வரை உப்பு பூத்த கால்களோடு உப்பளத்துப் பெண்கள், பிறகு பஸ் ஏறி வெளியூர்க்காரர்கள். பெட்டி அடுக்கின் நிழலில் தூக்குவாளியோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கென்று முறைகள் தாமாக ஏற்பட்டன. வெளியே வருகிறவரின் முகத்தை அடுத்துப் போகிறவர் பார்ப்பதில்லை. என்ன சொன்னாய் என்று யாரும் கேட்பதில்லை. எவ்வளவு வளர்ந்தது என்று உடனே அளப்பதில்லை. அது மரியாதை இல்லை. வாசலில் ஒருவர் கருப்பட்டிக் காப்பி போட ஆரம்பித்தார், வெளியே வருகிறவர் கையில் ஒரு வார்த்தை பேசாமல் டம்ளரைக் கொடுத்தார், அதுவும் முறையாயிற்று. சொன்னதையே மறுபடி சொன்னால் பெட்டி வளராது என்றும், எங்கும் சொல்லத்தக்கதைச் சொன்னாலும் வளராது என்றும் தெரிந்துகொண்டார்கள். கவுன்சிலர் ஒருவர் வந்து உள்ளே நின்று நெடுநேரம் பேசினார், நூலளவும் நீளவில்லை. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போனார்கள், வளரவில்லை. ஒருவர்பின் ஒருவராகப் போனபோது ஆளுக்கு ஒரு முழம் வளர்ந்தது. அவர்கள் வரும்போது பேசிக்கொண்டு வந்த மாதிரியே பேசிக்கொண்டு போனார்கள்.

எல்லாருக்கும் கதவு சாத்துகிறவளும் திறக்கிறவளும் சுயம்புக்கனிதான். நெம்புகோலில் கை வைத்துக்கொண்டு இரண்டு தட்டுக்காகக் காத்திருப்பாள். உள்ளே போகிறவர்கள் கடைசி நேரத்தில் அவளைப் பார்த்து, "இங்கனதான நிப்பிய?" என்று கேட்பார்கள். "இங்கனதான் நிப்பேன்" என்பாள். மூன்று வருஷமாக அவள் எங்கே நிற்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. எல்லாரும் போன பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பெட்டிக்குள் உட்கார்ந்து மத்தியானச் சோற்றைத் தின்பாள். அத்தனை பேரின் மூச்சும் தங்கியிருந்த அந்த இருட்டு, கூட்டமான வீட்டில் எல்லாரும் தூங்குகிற நேரம்போல இருக்கும். அவள் மட்டும் அதற்குள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்படியே மழைக்காலம் வந்தது, போனது. பெட்டி முப்பதைத் தாண்டியது, முப்பத்தைந்தைத் தாண்டியது. பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள். சொல்ல இருந்தவர்கள் எல்லாம் சொல்லியாயிற்று. பெட்டி, நாற்பதுக்கு ஒரு முழம் குறைவாக நின்றது.

அப்போதுதான் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது, எந்த அளவிலும் சேராத பெட்டியை வெட்டி இரும்பாக விற்றுவிட வேண்டும் என்று. வெட்டுகிறவர்கள் இருவர் காலையிலேயே சிலிண்டரோடு வந்து இறங்கினார்கள். சேதி கேட்டு உப்பளத்திலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் கூடிவிட்டார்கள். வெட்டுகிறவர்களில் மூத்தவர் தகரத்தின் கனம் பார்ப்பதற்காகத் தீயை வைத்துத் துவரம்பருப்பளவு ஒரு துளை போட்டார். துளையிலிருந்து புகை வந்தது, புகைக்குப் பின்னால் ஓர் ஆண்குரல் வந்தது.

"...மதினி, உங்க கையால சோறு வாங்கும்போதெல்லாம் நான் தல நிமிந்ததே இல்ல, ஏன்னு உங்களுக்கு..."

சுயம்புக்கனி ஓடிப்போய்ப் பெருவிரலால் துளையை அடைத்தாள். விரல் பொசுங்கியது, எடுக்கவில்லை. கூட்டத்தில் உப்பளத்துப் பேராச்சி நின்றிருந்தாள், பக்கத்தில் அவள் புருஷன், அவனுக்குப் பக்கத்தில் அவன் தம்பி. பேராச்சி தலையில் கிடந்த துண்டை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டிக்கொண்டாள். யார் பக்கமும் திரும்பவில்லை.

வெட்டுகிறவர் தீயை அணைத்துவிட்டார். "இத வெட்டுனா ஊரு ஒண்ணையொண்ணு வெட்டும்" என்றார். "ஆனா வெட்டாமப் போனா எங்களுக்கு வேல போயிரும். போய்ச் சாப்ட்டுட்டு வாறோம். நாங்க வாறதுக்குள்ள ஏதாவது ஒரு வழி பாருங்க."

துளையை வெள்ளைப் பசை வைத்து அடைத்தார்கள். கிளாட்சன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நாப்பது ஆயிட்டா போதும். நாப்பதுன்னு அனுப்பிருவேன். இன்னைக்கே ட்ரெய்லர்ல ஏத்திக் கப்பலுக்கு விட்ருவேன். ஒரு முழம். ஒரே ஒரு முழம். இன்னும் சொல்லாதவிய யாராவது இருக்கியளா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, ஒவ்வொருவராக, பொசுங்கிய விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தார்கள். மச்சாது தன் கூண்டிலிருந்து இறங்கி வந்தார்.

"கனி, நீ இன்னும் உள்ள போகல."

"தெனம் போறேன்லா அண்ணாச்சி. அங்கனதான சோறு திங்கேன்."

"திங்கதுக்கு வாயத் தொறந்த. பேசதுக்குத் தொறக்கலையே."

"எங்கிட்ட என்ன இருக்கு? அவிய எல்லாம் பெரிய பெரிய சங்கடத்தச் சுமந்துட்டு வந்தாவ. எங்கிட்ட உப்பு புளிதான் இருக்கு."

"இருக்கதச் சொல்லு."

"சொன்னா போயிரும்."

"சொல்லாட்டி வெட்டிருவான்."

"போயிட்டுன்னா பொறவு நான் எங்க போவேன்?" என்றாள். அதைக் கோபமாகத்தான் சொன்னாள். மச்சாதுவே அந்தப் பெட்டிக்குள் போய் ஒரு சாண் விட்டுவிட்டு வந்தவர்தான், வந்த பிறகு கொஞ்சநாள் லேசாக இருந்தது, பிறகு இடம் காலியாக இருந்தது. "நான் கதவுகிட்ட நிக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

பேராச்சி கூட்டத்தின் ஓரத்தில் இன்னும் அப்படியே, யார் பக்கமும் திரும்பாமல் நின்றிருந்தாள். சுயம்புக்கனி அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

மச்சாது கதவைச் சாத்தினார். நெம்புகோல் இறங்கியது. எங்கும் ஊசிமுனை வெளிச்சம்கூட இல்லை. அவள் தரைப்பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை, ஆகவே நேற்றிலிருந்து ஆரம்பித்தாள்.

"கேட்டியளா, நேத்து ரசத்துல உப்பு கூடிட்டு. ஒருத்திக்கு எவ்வளவு போடணும்னு இன்னும் கை பழகல. கேட்டியளா, எதுத்த வீட்டுக்காரவிய மாடி எடுக்காவ, நம்ம வீட்டுக்குச் சாயங்கால வெயிலு இனி வராது. சீலா மீனு வாங்குனேன், ஒரு துண்டு தின்னேன், மிச்சத்த பூன தின்னுட்டு, அது நம்ம பூன இல்ல, வேற, வலது காது கிழிஞ்சது. உங்க செருப்ப இன்னும் வாசல்லதான் போட்டு வச்சிருக்கேன், ஆளு இருக்குன்னு நெனச்சிக்கிடட்டும்னு. கேட்டியளா, போன மழைக்கு முருங்க சாஞ்சிட்டு, சாஞ்சபடியே பூத்திருக்கு, பூவப் பாத்தா எனக்குச் சிரிப்பா வருது. பஸ்ஸு நம்பர மாத்திட்டான். பழைய கண்டக்டர் என்னப் பாத்து, அண்ணாச்சி சௌக்கியமான்னு கேட்டாரு, நான் சௌக்கியம்னுட்டேன், எதுக்குச் சொன்னேன்னு தெரியல, அன்னைக்கு முழுக்க நல்லா இருந்துச்சு. கேட்டியளா, குளிக்கும்போது ஒரு பாட்டு ஞாவகம் வந்துச்சு, ரெண்டாவது வரி வரல, உங்களுக்குத் தெரியும்லா, யாருகிட்ட கேக்க. கேட்டியளா..."

அதுவரை அந்தப் பெட்டிக்குள் வந்தவர்கள் எல்லாம் ஒரே ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தட்டியவர்கள். மூன்று வருஷத்துச் சின்ன விஷயங்கள் எவ்வளவு நீளம் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வெளியே கிளாட்சன் டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "வருது, வருது" என்றார், பிறகு "நாப்பது!" என்று குதித்தார், ஜனங்கள் கைதட்டினார்கள், சேர்மத்துரை ட்ரெய்லரைக் கிளப்பினார், பின்சுவர் நிற்காமல் நாற்பதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"போதும்க்கா! நாப்பது ஆயிட்டு! நிறுத்துங்க!" கிளாட்சன் தகரத்தில் வாயை வைத்துக் கத்தினார். இரும்புக்குள் கேட்கவில்லை. "கதவத் தொறங்க மச்சாது! நாப்பத்தி ஒண்ணுக்கு எந்தக் கப்பல்லயும் எடமில்ல!"

மச்சாது நெம்புகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "அவ தட்டலையே."

"வெட்டப் போறானய்யா!"

"தட்டட்டும் சார்."

வெட்டுகிறவர்கள் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, திரும்பி வந்துவிட்டார்கள். நாற்பத்தி ஒன்று. நாற்பத்தி இரண்டு. சிலர் அழுதார்கள். சேர்மத்துரை இன்ஜினை அணைத்தார். கிளாட்சன் மச்சாதுவின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அந்தக் கை அசையவில்லை. எத்தனையோ பேருக்கு அவள் அப்படி நின்றிருக்கிறாள், ஒருவருக்கும் அவசரப்பட்டுத் திறந்ததில்லை, ஆகவே ஜனங்களில் யாரும் மச்சாதுவுக்கு எதிராக வரவில்லை. பின்சுவர் மதில்சுவரை முட்டி, மதிலின் செங்கல் இரண்டை மெதுவாகத் தள்ளி விழுத்தியது.

உள்ளே சுயம்புக்கனி இன்று காலைக்கு வந்து சேர்ந்திருந்தாள். விரல் பொசுங்கியதைச் சொன்னாள். பேராச்சி துண்டை அவிழ்த்துக் கட்டியதைச் சொன்னாள். பிறகு சொல்ல எதுவும் இல்லை. எழுந்து, இருட்டில் கையை நீட்டிக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். பிறகு இரண்டு தட்டு கேட்டது.

"நாப்பது ஆயிட்டா?" என்றாள், கதவு திறந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"ஆயி, தாண்டி, போயிட்டே இருந்துச்சு" என்றார் மச்சாது.

"ஐயையோ. பொறவு?"

கிளாட்சன் முட்டிபோட்டு டேப்பைப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை படித்தார். "நாப்பத்தஞ்சு" என்றார். "நாப்பத்தஞ்சு. அதுவும் ஒரு டைப்புதான். நாப்பத்தஞ்சு!"

மச்சாது கூண்டில் ஏறினார். இருபதுக்கும் நாற்பதுக்கும் பழகிய இயந்திரத்தின் கை, முனகிக்கொண்டே நாற்பத்தைந்துக்கு நீண்டது. கொக்கிகள் நாலும் துளைகளில் விழுந்து பூட்டின. பெட்டி தரையைவிட்டு எழுந்தது. எடை எவ்வளவு என்று கீழே நின்ற எல்லாரும் கேட்டார்கள். காலிப் பெட்டியின் எடைதான் என்று மச்சாது மேலிருந்து சொன்னார். சிலருக்கு அது வருத்தமாக இருந்தது. சேர்மத்துரையின் ட்ரெய்லர் அதை ஏற்றிக்கொண்டு, பின்புறம் நீட்டிக்கொண்டிருந்த பகுதியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, துறைமுகச் சாலையில் மெதுவாகப் போனது. காலி என்று குறித்து அன்றைக்கே ஏதோ ஒரு கப்பலில் ஏற்றினார்கள். ஜனங்கள் கலைந்தார்கள். காப்பிக்காரர் அடுப்பை அணைத்துப் பாத்திரங்களை மூட்டை கட்டினார். அவருக்கு இனி இங்கே வியாபாரம் இல்லை. பெட்டி கிடந்த இடத்தில் நாற்பத்தைந்தடிக்கு வெறும் தரை இருந்தது. சுயம்புக்கனி மீதமிருந்த இரண்டு இருபதுகளுக்கும் வெளிச்சம் பார்த்து முடித்துவிட்டு, முகம் கழுவி, சாலைக்கு வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் மடியில் பையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார், பழக்கமில்லாத முகம். வெயில் தணிந்திருந்தது. உப்பு லாரி ஒன்று வேகமாகக் கடந்தது. அதன் மேலே, மூட்டைகளின் உச்சியில், ஒரு வெள்ளாடு காற்றுக்கு முகம் கொடுத்துக்கொண்டு, ஊர்வலம் போகிற மந்திரிபோல அசையாமல் நின்றிருந்தது. சுயம்புக்கனிக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் திரும்பினாள்.

"பாத்தியளா?"

"என்னத்த?"

"லாரி மேல ஆடு."

"ஆடா? எங்க?"

"போயிட்டு."

"அடடா" என்றார் அந்த அம்மாள், நிஜமாகவே. எழுந்து நிழற்குடையைவிட்டு வெளியே வந்து, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, லாரி போன திசையில் பார்த்தார். சுயம்புக்கனியும் பார்த்தாள். சாலையில் ஒன்றும் இல்லை. "எந்தக் கலரு?" என்று கேட்டார். "வெள்ளைல கறுப்புப் புள்ளி" என்றாள்.

பஸ் வந்தது. நல்ல கூட்டம். அந்த அம்மாளுக்கு முன்பக்கத்து ஜன்னலோரம் இடம் கிடைத்தது, இவள் கடைசி வரைக்கும் தள்ளப்பட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு பேச்சு இல்லை, பெயரும் கேட்டுக்கொள்ளவில்லை. பஸ் உப்பளங்களுக்கு நடுவே போயிற்று. லாரிகள் ஒவ்வொன்றாக முந்திக்கொண்டு போயின. ஒவ்வொரு லாரி முந்தும்போதும், அத்தனை தலைகளுக்கு அப்பால், முன்னால் இருந்த அந்த ஒரு தலை மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, அண்ணாந்து, லாரியின் உச்சியைப் பார்த்தது.